இடைநிலை இத்தாலியன் படிப்பவர்கள் இலக்கியத்துக்குள் நுழைவது எப்படி?

இத்தாலியனில் பி1 முடித்து பி2 பக்கம் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் இடைநிலைப் படிகள் இவை; அடுத்த உயர்படி சி1) நகர்ந்துகொண்டிருப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். டிக்கெட் எடுக்க, கடைக்காரரிடம் பேச, செய்தித்தாளில் ஒரு துணுக்கைப் படிக்க அவர்களுடைய மொழி போதுமானதாக இருக்கிறது. நாவலைத் திறந்தால் மட்டும் முதல் பக்கத்திலேயே திணறல். சி1 வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. இலக்கியம் எட்டாமல் போவதற்குச் சொல்வளக் குறைவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பாடப்புத்தகங்கள் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிற நாலைந்து விஷயங்கள்தான் பெரிய தடை. அவற்றைச் சரிசெய்துகொண்டு, பொருத்தமான புத்தகத்தில் தொடங்கினால் இப்போதே அசல் இலக்கியம் படிக்கலாம். எளிமைப்படுத்திய பதிப்பைச் சொல்லவில்லை. எழுத்தாளர் எழுதிய அதே வரிகளைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடந்தகாலம்

வகுப்பில் நாம் பழகுவது பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ, அதாவது அண்மைக் கடந்தகாலம்: ‘ஓ ஃபாத்தோ’ (செய்தேன்), ‘சோனோ அந்தாத்தோ’ (போனேன்). கதைகள் பெரும்பாலும் நடப்பது பஸ்ஸாத்தோ ரெமோத்தோவில், அதாவது தொலைவுக் கடந்தகாலத்தில்: ‘ஃபேச்சே’ (செய்தான்), ‘அந்தோ’ (போனான்). வட இத்தாலியப் பேச்சில் இந்த வடிவம் அரிது. சிசிலி போன்ற தெற்குப் பகுதிகளில் இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. எழுத்தில் நாடு முழுக்க உயிரோடு இருக்கிறது. அதனால் இதைத் தவிர்த்துவிட்டு இலக்கியம் படிக்க வழியே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் இதில் பேசப்போவதில்லை, அடையாளம் கண்டுகொண்டால் போதும். கதையில் அதிகம் வருவது படர்க்கை, அவன், அவள், அவர்கள். ஒழுங்கான வினைகள் ‘பர்லோ, பர்லாரொனோ’, ‘பர்த்தீ, பர்த்தீரொனோ’ என்று முடியும், பார்த்ததும் புரிந்துவிடும். ஒழுங்கற்றவற்றில் இருபது, இருபத்தைந்து வினைகள் திரும்பத் திரும்ப வரும். ஃபு, எப்பே, திஸ்ஸே, ஃபேச்சே, வீதே, வென்னே, ப்ரேஸே, மீஸே, க்யேஸே, ரிஸ்போஸே, செப்பே, வொல்லே, ரிமாஸே, நாக்வே, விஸ்ஸே, ஸ்க்ரிஸ்ஸே. இவற்றை ஒரு தாளில் எழுதி, எதிரே மூல வடிவத்தையும் எழுதி, புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். சில வாரங்களில் தாள் தேவைப்படாது. பன்மை வேண்டுமென்றால் ஒருமையின் வாலில் ‘ரோ’ சேர்க்கவும்: திஸ்ஸே, திஸ்ஸெரோ; வீதே, வீதெரோ. ஃபு மட்டும் ‘ஃபுரொனோ’ ஆகும்.

இந்தக் காலம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க ‘பினோக்கியோ’வின் முதல் சில வரிகளே போதும். கார்லோ கொல்லோதி 1881 ஜூலையில் ஒரு சிறுவர் இதழில் தொடராக எழுதத் தொடங்கி, 1883இல் புத்தகமாக வந்தது. ‘ஒரு காலத்தில்…’ என்று ஆரம்பிக்கிறார். ‘ஒரு ராஜா!’ என்று என் சின்ன வாசகர்கள் உடனே சொல்வார்கள், இல்லை பிள்ளைகளே, தப்பு, ஒரு காலத்தில் ஒரு மரக்கட்டை இருந்தது என்கிறார். பிள்ளைகளிடம் நேராகப் பேசும் இடத்தில் ‘தப்பாகச் சொல்லிவிட்டீர்கள்’ என்பது ‘அவேதே ஸ்பல்யாத்தோ’, பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ. ‘இருந்தது’ என்பது ‘சேரா’, இம்பெர்ஃபெத்தோ என்ற தொடர் கடந்தகாலம். கொஞ்சம் தள்ளி அந்தக் கட்டை ஒரு கிழட்டுத் தச்சரின் பட்டறைக்கு வந்து சேரும்போது ‘கபித்தோ’, பஸ்ஸாத்தோ ரெமோத்தோ. அந்த வினையில்தான் கதை நகரத் தொடங்குகிறது. அரைப் பக்கத்துக்குள் மூன்று காலமும் தத்தம் வேலையோடு வந்துவிட்டன. பேசுகிறவரின் நிகழ்கணத்தோடு ஒட்டியது ஒன்று, பின்புலத்தில் நீடிப்பது ஒன்று, நிகழ்ச்சியை முன்னே தள்ளுவது ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த நாவலிலும் எங்கே கதை ஓடுகிறது, எங்கே எழுத்தாளர் நின்று சூழலை வர்ணிக்கிறார் என்று சொல் தெரியாமலேயே சொல்லிவிடலாம்.

இதோடு ‘எல்லி’, ‘எல்லா’, ‘எஸ்ஸி’ என்ற பழைய சுட்டுப்பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். அவன், அவள், அவர்கள், அவ்வளவுதான். பேச்சில் இப்போது ‘லூயி’, ‘லேயி’, ‘லோரோ’.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

பலர் நேராக ‘டிவைன் காமெடி’ எழுதிய இடைக்காலக் கவிஞர் தாந்தேவுக்குப் போவார்கள், அல்லது பரபரப்பாகப் பேசப்படும் ஐந்நூறு பக்க நாவலை வாங்குவார்கள். இரண்டுமே முதல் புத்தகமாக வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் உரைநடையில், சின்னச் சின்ன அத்தியாயங்களாக இருப்பதை எடுங்கள். ஒரே உட்காரலில் ஒன்றை முடித்தோம் என்ற நிறைவு இந்த நிலையில் மிக முக்கியம்.

என் முதல் பரிந்துரை ஜான்னி ரோதாரியின் ‘ஃபாவொலே அல் தெலேஃபொனோ’, 1962இல் வந்த கதைத் தொகுப்பு. வாரேசே ஊர்க்காரரான ப்யாங்கி என்பவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் ஆறு நாள் இத்தாலி முழுக்க அலைகிறார். கதை கேட்காமல் மகளுக்குத் தூக்கம் வராது. அதனால் தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கதை சொல்கிறார். அழைப்புக்குக் கைக்காசு போகிறது என்பதால் கதைகள் எல்லாம் குட்டிக் கதைகள். இணைப்பகப் பெண்கள் மற்ற அழைப்புகளை நிறுத்திவிட்டு இவர் கதையைக் கேட்பார்களாம். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம், கதை முடிந்துவிடும். சிறுவர் இலக்கியம்தானே என்று ஒதுக்காதீர்கள். ரோதாரி 1970இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர், போரையும் அதிகாரத்தையும் பற்றி அவர் சொல்வதில் விளையாட்டுக்கு அடியில் அழுத்தம் இருக்கும்.

அதில் ‘எஸ்’ எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்ட ஒரு நாட்டைப் பற்றிய கதையை முதலில் படியுங்கள். ஜொவான்னீனோ என்ற பயணி அங்கே போகிறான். பென்சில் சீவும் கருவிக்கு இத்தாலியனில் ‘தெம்பெரீனோ’. அந்த நாட்டில் இருப்பது ‘ஸ்தெம்பெரீனோ’, அது தேய்ந்த பென்சிலை மறுபடி வளர்க்கிறது. பீரங்கி ‘கன்னோனே’. அங்கே ‘ஸ்கன்னோனே’, அது போரைக் கலைத்துவிடும். ‘ஃபொர்துனாத்தோ, ஸ்ஃபொர்துனாத்தோ’ (அதிர்ஷ்டசாலி, துரதிர்ஷ்டசாலி), ‘வெஸ்தீரே, ஸ்வெஸ்தீரே’ (உடுத்து, களை) என்று இந்த முன்னொட்டை நீங்கள் ஏற்கெனவே எங்காவது பார்த்திருப்பீர்கள். இந்த ஒரே கதை அதை வாழ்நாளுக்கும் மறக்காமல் செய்துவிடும். இலக்கணமும் கற்பனையும் இப்படி ஒன்றாக வருவதால்தான் ரோதாரியை முதலில் வைக்கிறேன்.

அடுத்து இத்தாலோ கால்வினோவின் ‘மார்கொவால்தோ’, 1963. பெயர் சொல்லப்படாத ஒரு தொழில் நகரத்தில் வாழும் ஏழைக் கூலித் தொழிலாளியின் கதைகள், மொத்தம் இருபது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று ஐந்து சுற்று. முதல் கதையில் டிராம் நிறுத்தத்தின் ஓரத்தில் காளான் முளைத்திருப்பதைப் பார்க்கிறார். விளம்பரப் பலகையோ போக்குவரத்து விளக்கோ அவர் கண்ணில் படாது, கிளையில் பழுத்த ஓர் இலை தப்பாமல் படும். காளானைப் பறித்தவர்கள் எல்லாரும் அன்று இரவே ஒரே மருத்துவமனையில் சந்தித்துக்கொள்கிறார்கள். கால்வினோவின் வாக்கியம் ரோதாரியைவிட நீளம், ஆனால் கண்ணாடிபோலத் தெளிவு. நீளமான வாக்கியம் வந்தால் பயப்படாமல் முற்று வினையைத் தேடுங்கள். தமிழ் வாசகருக்கு இது பழக வேண்டிய விஷயம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கும், அதுவரை காத்திருந்து பழகியவர்கள் நாம். இத்தாலியனில் வினை முன்பாதியிலேயே வந்துவிடும், அதன் பிறகு விவரங்கள் வால்போல நீண்டுகொண்டே போகும். வினை கிடைத்ததும் வாக்கியத்தின் முதுகெலும்பு கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, மனதுக்கு மிக நெருக்கமாக நான் வைத்திருப்பது நத்தாலியா கின்ஸ்பர்க்கின் ‘லெஸ்ஸிக்கோ ஃபமில்யாரே’. 1963இல் வெளியாகி அதே ஆண்டு ஸ்த்ரேகா என்ற இத்தாலிய இலக்கிய விருது பெற்றது. தூரின் நகரில் வளர்ந்த தன் யூதக் குடும்பத்தைப் பற்றி, வீட்டில் புழங்கிய சொற்கள் வழியாகவே எழுதியிருக்கிறார். அப்பா ஜுசெப்பே லேவி பெயர்பெற்ற உடற்கூறியல் பேராசிரியர். அவரிடம் படித்தவர்களில் மூன்று பேர் பின்னாளில் நோபல் வாங்கினார்கள். வீட்டில் அவர் எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருப்பவர், சாப்பாட்டு மேசையில் யாராவது சிந்தினால் த்ரியெஸ்தே வட்டாரச் சொற்களில் கத்துவார். அந்தத் திட்டுகளும் பாட்டிமார் சொல்லும் வாசகங்களும் புத்தகம் முழுக்கத் திரும்பித் திரும்பி வரும். மொழி படிப்பவருக்கு இதைவிட வசதி உண்டா? ஐம்பது பக்கம் தாண்டினால் அந்த வீட்டுச் சொற்கள் உங்களுக்கும் பழகிவிடும். இருட்டுக் குகைக்குள், லட்சக்கணக்கான மனிதர்களுக்கு நடுவில் இருந்தால்கூட அந்த வாசகங்களில் ஒன்றைச் சொன்னால் உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வோம் என்று கின்ஸ்பர்க் எழுதும் இடத்துக்கு வரும்போது அது ஏன் அப்படி என்று விளக்கம் இல்லாமலே புரியும். வாக்கியங்கள் குட்டையானவை, அலங்காரம் இல்லாதவை. பின்னணியில் முசோலினியின் பாசிச ஆட்சி இறுகிக்கொண்டே போவதை அதே சமனான குரலில் சொல்வார். கணவர் லியோனே சிறையில் இறந்ததும் அதே குரலில்தான் வருகிறது. அங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

ஜும்பா லாஹிரியின் ‘இன் ஆல்த்ரே பரோலே’ (2015) இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதி 2000இல் புலிட்சர் பெற்ற வங்காளக் குடும்பத்துப் பெண், 2012இல் ரோமுக்குக் குடிபெயர்ந்து இத்தாலியனிலேயே எழுதத் தொடங்கினார். வளர்ந்தபின் கற்ற மொழியில் எழுதியது என்பதால் நடை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், பேசும் பொருளும் நீங்கள் அனுபவித்துக்கொண்டிருப்பதுதான். ரோதாரிக்கும் கால்வினோவுக்கும் நடுவில்கூட இதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கத்தைப் படிப்பது

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தால் மூன்றாம் நாள் புத்தகத்தின்மேல் வெறுப்பு வந்துவிடும். பார்க்காமலே போனால் மங்கலாகவே எல்லாம் கடந்துபோகும். நடுவழி ஒன்று உண்டு. ஓர் அத்தியாயத்தை முதலில் பென்சில் மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் படியுங்கள். தெரியாத சொல்லின் கீழ் ஒரு கோடு, அவ்வளவுதான். முடித்தபின் யார், எங்கே, என்ன நடந்தது என்று இரண்டு வரி இத்தாலியனில் எழுதுங்கள். அப்புறம் அகராதியை எடுத்துக் கோடிட்டவற்றில் வினைகளை முதலில் பாருங்கள், பிறகு இரண்டு மூன்று முறை வந்த பெயர்ச்சொற்களை. ஒரே ஒரு முறை வந்த பறவைப் பெயரையும் துணிவகைப் பெயரையும் விட்டுவிடலாம். கடைசியாக, பிடித்த ஒரு பத்தியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். இரட்டை மெய்யொலியை அழுத்திச் சொல்வது தமிழருக்கு இயல்பாகவே வரும். ‘பாலா’ மண்வெட்டி, ‘பல்லா’ பந்து என்ற வேறுபாட்டில் திணறும் மற்ற மொழிக்காரர்களைவிட நமக்கு இதில் வேலை குறைவு.

சின்னச் சொற்களை அலட்சியம் செய்யாதீர்கள். ‘ஓர்மாயி’ என்று வந்தால் காலம் கடந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற தொனி இருக்கிறது. ‘ஆன்த்ஸி’ வந்தால் இப்போதுதான் சொன்னதைத் திருத்தியோ புரட்டியோ போடப்போகிறார்கள். ‘மீக்கா’ பேச்சு வழக்கில் மறுப்பை அழுத்துகிறது. ‘நே’, ‘ச்சி’, ‘ல்யேலோ’ போன்ற ஒட்டுகள் எதைச் சுட்டுகின்றன என்று தெரியாவிட்டால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே குழம்பிவிடும். புரியாத பத்தியில் பெரும்பாலும் குற்றவாளி பெரிய சொல்லாக இருக்காது, இந்த மாதிரி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெயர்ச்சொல்லின் வாலையும் கவனியுங்கள். ‘லீப்ரோ’ புத்தகம். ‘லிப்ரெத்தோ’ சின்னது, ‘லிப்ரோனே’ தடியானது, ‘லிப்ராச்சோ’ மோசமானது. எழுத்தாளரின் அன்பும் எரிச்சலும் பல சமயம் இந்த வாலில்தான் இருக்கும்.

அகராதி விஷயத்தில் ஒன்று. கூடிய சீக்கிரம் இத்தாலியனிலிருந்து இத்தாலியனுக்கு விளக்கம் தரும் அகராதிக்கு மாறுங்கள். த்ரெக்கானி நிறுவனத்தின் சொற்களஞ்சியம் இணையத்தில் இலவசம், எழுத்தாளர்களின் எடுத்துக்காட்டு வரிகளோடு இருக்கும். அச்சில் வேண்டுமென்றால் த்ஸிங்கரெல்லி.

காதுக்கும் வேலை கொடுங்கள். இத்தாலிய வானொலி ராய் ரேடியோ 3இல் ‘அத் ஆல்த்தா வோச்சே’ என்ற நிகழ்ச்சியில் நடிகர்கள் நாவல்களை வாசிக்கிறார்கள், ராய்ப்ளே சவுண்ட் செயலியில் பழைய பகுதிகளைக் கேட்கலாம். ஏற்கெனவே படித்து முடித்த அத்தியாயத்தைக் கேளுங்கள். தெரியாததைக் கேட்டு மனம் தளர வேண்டாம். காப்புரிமை முடிந்த பழைய நூல்களை ‘லீபெர் லீபெர்’ தளத்தில் இலவசமாக இறக்கலாம். கொல்லோதி, வெர்கா, பிராந்தெல்லோ, க்ராத்ஸியா தெலெத்தா எல்லாரும் அங்கே கிடைப்பார்கள்.

வட்டார வழக்கு வரும் இடம்

இத்தாலியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வழக்கு உண்டு, சில தனி மொழி என்றே சொல்லத்தக்கவை. இதில் எழுத்தாளருக்கு எழுத்தாளர் அணுகுமுறை மாறும். எலேனா ஃபெர்ராந்தேவின் நேப்பிள்ஸ் நாவல்களில் பாத்திரங்கள் வட்டார மொழியில் கத்துவார்கள், ஆனால் ‘வட்டார மொழியில் சொன்னாள்’ என்று குறித்துவிட்டு உரையாடலைப் பெரும்பாலும் பொது இத்தாலியனிலேயே தருவார். பி2 நிலையில் தாராளமாக இறங்கலாம். அந்த்ரேயா கமில்லேரியின் மொந்தல்பானோ துப்பறியும் கதைகள் வேறு ரகம். கதை சொல்பவரே சிசிலிக் கலவையில் எழுதுகிறார். ‘பார்’ என்பதற்கு ‘தல்யாரே’, ‘கூட’ என்பதற்கு ‘மகாரி’. தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டு, தங்கள் இத்தாலியன் மோசம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது நியாயமே இல்லை. சிசிலிக்கு வெளியே பிறந்த இத்தாலியர்களும் அந்தச் சொற்களைப் படித்துப் படித்துத்தான் பழகியிருக்கிறார்கள். நாலைந்து நாவல் முடித்தபின் எடுங்கள்.

கவிதை, மன்த்ஸோனி, தாந்தே

கவிதை கடினம் என்று தள்ளிப்போட வேண்டாம், கவிஞர் உங்காரெத்தியிலிருந்து தொடங்கலாம். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது அவர் எழுதியவற்றில் பல சில வரிகளே. 1918 ஜூலையில் பிரான்சின் கூர்த்தோன் காட்டில் எழுதிய ‘சொல்தாத்தி’ முழுக்க எண்ணி எட்டொன்பது சொல்தான். தலைப்பு ‘படைவீரர்கள்’ என்கிறது. கவிதைக்குள் படைவீரன் என்ற சொல்லும் இல்லை, நான், நாங்கள் என்பதும் இல்லை. எழுவாயே இல்லாத ‘சி ஸ்தா’ என்ற வினைதான் இருக்கிறது, இலையுதிர்காலத்து மரத்தில் இலைகள் இருப்பதுபோல் இருப்பு. ‘சி’ வைத்த இந்த வாக்கிய அமைப்பை விதியாக, பயிற்சியாகப் படித்திருப்பீர்கள். ஒரு கவிஞர் அதை வைத்து மனிதர்களை வாக்கியத்திலிருந்தே எடுத்துவிடுவதை இங்கே பார்க்கலாம்.

மன்த்ஸோனியின் ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போசி’ இத்தாலியப் பள்ளிகளில் தவறாமல் வரும் நாவல். 1827இல் முதல் வடிவம் வந்தது, பிறகு ஃப்ளோரன்ஸ் பேச்சு மொழிக்கு ஏற்ப வரிவரியாகத் திருத்தி 1840 முதல் 1842 வரை இறுதி வடிவத்தை வெளியிட்டார். இன்றைய பொது இத்தாலியன் உருவானதில் அந்தத் திருத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முன்னுரையில் பதினேழாம் நூற்றாண்டு நடையைப் போலச் செய்து எழுதியிருப்பதால் அதைத் தாண்டிவிடுங்கள். முதல் அத்தியாயத்தில் கோமோ ஏரியை வர்ணிக்கும் நெடும் வாக்கியத்தையும் வேகமாகக் கடந்து, 1628 நவம்பர் 7 மாலை பாதிரியார் தொன் அப்போந்தியோ நடந்து வரும் இடத்தில் தொடங்குங்கள். வழியில் இரண்டு அடியாட்கள் காத்திருக்கிறார்கள், அங்கிருந்து கதை பிடித்துக்கொள்ளும்.

தாந்தேவுக்குப் போகுமுன் ப்ரீமோ லேவியின் ‘ஸே குவெஸ்தோ எ உன் வோமோ’ (1947) படியுங்கள். வேதியியலாளர், தேவையில்லாத ஒரு சொல்லும் வைக்க மாட்டார், இடைநிலை வாசகருக்கு ஏற்ற உரைநடை. ஆஷ்விட்ஸ் முகாம் அனுபவம் என்பதால் மனத்துக்குக் கனமானது, சிறுகச் சிறுகப் படிக்க வேண்டும். அதில் ‘யூலிஸஸின் காண்டம்’ என்ற அத்தியாயத்தில், சூப் எடுத்து வரப் போகும் வழியில், பிரெஞ்சு பேசும் ழான் என்ற இளைஞனுக்கு லேவி இத்தாலியன் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். பாடமாக அவருக்கு நினைவுக்கு வருவது தாந்தேவின் நரகப் பகுதியின் 26ஆம் காண்டம். வரிகள் இடையிடையே மறந்துபோகின்றன. விட்டுப்போன வரிகளை இணைக்க முடிந்தால் இன்றைய சூப்பையே கொடுத்துவிடுவேன் என்கிறார். ஒரு மொழி மாணவனுக்கு இலக்கியம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்த அத்தியாயத்தைத்தான் கையில் கொடுப்பேன்.

அதைப் படித்த கையோடு அந்த 26ஆம் காண்டத்தையே தாந்தேவில் திறவுங்கள். டிவைன் காமெடி மொத்தம் 100 காண்டம், 14,233 வரி, முதலிலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 26க்குப் பிறகு பவோலோ, ஃப்ரான்செஸ்கா காதலர்கள் வரும் 5ஆம் காண்டம், பிறகு முதல் காண்டம். பக்கத்திலேயே உரைநடை விளக்கம் தரும் பள்ளிப் பதிப்பை வாங்குங்கள், ‘பராஃப்ராஸி’ என்று குறித்திருக்கும். முதலில் விளக்கத்தைப் படித்துப் பொருளைத் தெரிந்துகொண்டு, பிறகு மூலத்தை உரக்கப் படியுங்கள். ‘விர்த்தூதே’, ‘கனொஷென்த்ஸா’ என்று பழைய வடிவங்கள் வரும், இன்றைய ‘விர்த்தூ’, ‘கொனொஷென்த்ஸா’தான் அவை. நடிகர் ரொபெர்த்தோ பெனீனி 2006இல் ஃப்ளோரன்ஸின் சான்தா க்ரோச்சே சதுக்கத்தில் தொடங்கிய ‘துத்தோதாந்தே’ நிகழ்ச்சியின் பதிவுகளை இந்தக் கட்டத்தில் பார்ப்பது நல்லது. ஒரு காண்டத்தைச் சாதாரண மொழியில் விளக்கிவிட்டு, கடைசியில் மனப்பாடமாகச் சொல்வார். உங்கள் காண்டத்தின் விளக்கப் பகுதியைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், மூலத்தை நீங்களே ஒரு முறை படியுங்கள், அதன்பின் அவர் சொல்வதைக் கேளுங்கள்.